கோடையிலும் கொத்தமல்லி: சாக்கிலும் தொட்டியிலும் குளிர்பருவக் கீரைகள்

மார்கழி, தை மாதங்களில் வாங்க ஆளின்றி விலை சரியும் கொத்தமல்லித் தழை, பங்குனி பிறந்ததும் விலை ஏறத் தொடங்குகிறது. சித்திரையில் ஒரு சிறு கட்டு வாங்குவதற்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. கொங்கு நாட்டின் சிறு விவசாயிக்கு இதே காலத்தில் இன்னொரு நெருக்கடியும் சேர்ந்து கொள்கிறது. கிணற்றில் நீர் அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. இருக்கும் நீர் தென்னைக்கும் கால்நடைக்குமே போதவில்லை. இந்த நிலையில் பாத்தி கட்டி, நீர் பாய்ச்சிக் கீரை விதைப்பது இயலாத காரியம்.

எனினும் நாளொன்றுக்கு இரண்டு குடம் நீரும், கொஞ்சம் நிழலும், சில பழைய உரச் சாக்குகளும் இருந்தால், வீட்டுத் தேவைக்கான கொத்தமல்லி, வெந்தயக்கீரை, புதினா ஆகியவற்றைக் கோடை முழுவதும் எடுக்கலாம். இதைச் சிறிய அளவில் செய்து கற்றுக்கொண்டவர், நீர் வசதியைப் பொறுத்துப் பின்னர் விற்பனைக்கும் பயிரிடலாம். அதற்கான முறைகளை இங்கு காணலாம்.

கோடையில் ஏன் கெடுகிறது?

கொத்தமல்லி, வெந்தயம் இரண்டும் பனிக்காலத்தை விரும்பும் பயிர்கள். கோவை வட்டாரத்தில் ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் விதைத்தால் இவை நன்றாக வருகின்றன. ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று வெப்பத்தைத் தணிக்கிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை துணை நிற்கிறது. மாசி பிற்பகுதி முதல் வைகாசி முற்பகுதி வரை இந்த இரண்டு துணையும் இல்லை. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. இரவிலும் 22 அல்லது 24 டிகிரிக்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை.

இந்த வெப்பம் பயிரை மூன்று வகைகளில் தாக்குகிறது. முதலாவது, மண் சூடேறுவதால் விதை முளைப்பது குறைகிறது. முளைப்பதும் ஒரே சீராக இருப்பதில்லை. இரண்டாவது, முளைத்த இளம் செடி மேல்மண் காய்ந்த ஒரே நாளில் கருகிவிடுகிறது. மூன்றாவது, தப்பிப் பிழைத்த செடியும் தழை பெருக்காமல் விரைவிலேயே பூத்தண்டு விடுகிறது. நீண்ட பகலும் கொத்தமல்லியைப் பூக்கத் தூண்டும். ஆனால் நம் பகுதியில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே. ஆகவே இங்கு முக்கியக் காரணம் வெப்பமும், வேர்ப் பகுதியின் வறட்சியுமே ஆகும். பகலின் நீளத்தை மாற்ற முடியாது. வெப்பத்தையும் வறட்சியையும் ஓரளவு தணிக்க முடியும். கோடைச் சாகுபடியின் முறைகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்துள்ளன.

இடமும் நிழலும்

காலை வெயில் பதினோரு மணி வரை பட்டு, அதன்பின் நிழல் விழும் இடமே ஏற்றது. சாளையின் கிழக்குப் புறம், வேப்பமரத்தின் கிழக்குப் பக்கம், இடைவெளி அதிகமுள்ள தென்னந்தோப்பு, பீர்க்கன் அல்லது புடலைப் பந்தலின் ஓரம் ஆகியவை பொருத்தமானவை. அடர்ந்த நிழல் கூடாது. அதில் செடி வெளுத்து, நெட்டையாகி, சாய்ந்துவிடும்.

இயற்கை நிழல் இல்லாத இடத்தில் 50 சதவீத நிழல் தரும் பசுமை வலையைக் கட்டலாம். வலை ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். தாழக் கட்டினால் அடியில் வெப்பம் தங்கிவிடும். வலை வாங்க வசதியில்லாதவர் முடைந்த தென்னங்கீற்றுகளை இடைவெளி விட்டுப் பரப்பலாம். வைகாசி பிற்பகுதியில் காற்று எழும்பும் முன் கட்டுகளை இறுக்கிவிடுவது அவசியம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அதில் வலை எம்மாத்திரம்.

சாக்குகளைச் சிமெண்டுத் தளத்தின் மேல் நேராக வைக்கக்கூடாது. தளத்தின் சூடு வேருக்கு ஏறும். மண் தரையில் வைப்பது நல்லது. மாடியில்தான் இடமென்றால் அடியில் செங்கல் அல்லது மரச்சட்டம் கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். தனித்தனியே பரப்பி வைப்பதைவிட நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழலாக இருக்கும். வெளிவரிசையைச் சுற்றி ஈரக் கோணியைக் கட்டிவிட்டால் பக்கவாட்டு வெயில் தாக்காது. கறுப்பு நிறப் பைகள் வெப்பத்தை அதிகம் ஈர்க்கும். வெளிப்புறம் வெள்ளையாக உள்ள பைகளே கோடைக்கு ஏற்றவை.

சாக்கும் மண் கலவையும்

கொத்தமல்லி ஆணிவேர் விடும் பயிர். அதற்கு எட்டு முதல் பத்து அங்குல ஆழம் மண் வேண்டும். வெந்தயக்கீரைக்கு ஆறு அங்குலம் போதும். காலி உரச் சாக்கின் வாயைச் சுருட்டி மடித்து, ஓர் அடி உயரத்துக்குக் கொண்டுவந்தால் அகலமான தொட்டி கிடைக்கும். சாக்கை முதலில் நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். பூச்சி மருந்து இருந்த பையையோ டப்பாவையோ எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக்கூடாது. சாக்கின் அடியிலும், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் பக்கவாட்டிலும் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் இட வேண்டும். சாதாரண உரச் சாக்கு வெயிலில் ஒரு கோடைக்கு மேல் தாங்காது. இற்றுப் போகும் முன் அப்புறப்படுத்தாவிட்டால் நார் நாராகப் பிரிந்து தோட்டம் முழுவதும் பரவும்.

செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மக்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு எனக் கலந்து, சாக்குக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளும் சேர்க்க வேண்டும். கரிசல் மண் மட்டுமே உள்ளவர்கள் மண்ணின் அளவைப் பாதியாகக் குறைத்து, அந்த அளவுக்கு மணலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தென்னை நார்க்கழிவு பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களில் கயிறு ஆலைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அது நீரை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் மக்காத நார்க்கழிவில் உப்பும், இளம் வேரைத் தாக்கும் துவர்ப்புப் பொருள்களும் உள்ளன. பலருடைய தொட்டிகளில் நாற்று மஞ்சளாகி நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதை மக்க வைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு முறையைப் பரிந்துரைக்கிறது. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும், 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் தேவை. நூறு கிலோ நார்க்கழிவைப் பரப்பி, அதன்மேல் ஒரு புட்டி காளான் வித்தைத் தூவ வேண்டும். அதன்மேல் அடுத்த நூறு கிலோவைப் பரப்பி, ஒரு கிலோ யூரியாவைத் தூவ வேண்டும். இவ்வாறு மாற்றி மாற்றி அடுக்கி, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் கருநிற உரமாகிவிடும். சிறிதளவே தேவைப்படுவோர் நார்க்கழிவை நல்ல நீரில் ஊறவைத்து வடிப்பதை மூன்று முறை செய்தால் உப்பு பெரிதும் நீங்கும்.

விதையும் விதை நேர்த்தியும்

கோ 1, கோ 2, கோ 3, கோ (சிஆர்) 4 ஆகியவை கோவைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கொத்தமல்லி ரகங்கள். இவற்றில் கிடைப்பதைப் பயன்படுத்தலாம். மளிகைக் கடை மல்லியை விதைப்பவர்கள் முதலில் முளைப்புத் திறனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உடைத்த நூறு பருப்புகளை ஈரத் துணியில் முடிந்து வைத்துப் பத்து நாள் கழித்து எண்ணினால், அறுபதுக்குக் குறைவாக முளைத்திருக்கும் விதையைக் கோடைக்குத் தவிர்ப்பது நல்லது. நிறம் பூசிய கடை விதை மருந்து கலந்தது. அதில் மீந்ததைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது.

நாம் ஒரு விதை என்று கருதும் மல்லி உண்மையில் இரு விதைகள் ஒட்டிய காய். அதை மரப்பலகையால் அல்லது செங்கல்லால் மெல்லத் தேய்த்து இரண்டாக உடைக்க வேண்டும். நொறுங்கிவிடக்கூடாது. உடைத்த விதையைப் பன்னிரண்டு மணி நேரம் நீரில் ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் முடிந்து, மண்பானையின் அடியில் குளிர்ச்சியான இடத்தில் இரண்டு நாள் வைக்க வேண்டும். பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சுற்றுப்புறம் குளிர்வதால், வெளியே நிலவும் சூடு விதையை எட்டாது. விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் வாடல் நோய் குறையும். சாக்குக்கான சிறிதளவு விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

விதைப்பு மாலையில்தான் நடக்க வேண்டும். கலவையை முதல் நாளே நனைத்து வைக்க வேண்டும். நான்கு அங்குல இடைவெளியில் விரலால் கோடு கிழித்து, அரை அங்குல ஆழத்தில் விதைத்து மூட வேண்டும். ஒரு சதுர அடிக்கு உடைக்காத மல்லி அளவில் ஒரு தேக்கரண்டி விதை போதும். அதன்மேல் ஈரக் கோணியைப் போர்த்தி, காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு நாட்களில் முளை தெரியும். முதல் முளை தெரிந்த அன்றே மாலையில் கோணியை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளைகள் வெளுத்து, கோணியில் சிக்கி ஒடியும்.

நீர்ப்பாசனம்

கோடையில் ஒன்றரைச் சதுர அடிப் பரப்புள்ள ஒரு சாக்குக்கு, நிழலில், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் வேண்டும். அதைக் காலை பாதி, மாலை பாதி என இரண்டாகப் பிரித்துப் பூவாளியால் ஊற்ற வேண்டும். நடுப்பகலில் வெயிலில் கிடந்த குழாயின் சூடான நீரை விடக்கூடாது. விரலை ஓர் அங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்த்து, ஈரம் இருந்தால் அந்த வேளை நீரைத் தவிர்க்கலாம். எந்நேரமும் சொதசொதவென்று வைத்திருந்தால் நாற்று அழுகும்.

நீர்ச் சிக்கனத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூறு சாக்குகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 14 சதுர மீட்டர். இவற்றுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர் போதும். இதே பரப்பில் பாத்தி கட்டி, ஒரு முறைக்கு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ச்சினால் 700 லிட்டர் வேண்டும். கோடையில் நான்கு நாளைக்கு ஒரு முறை என்றாலும் நாளொன்றுக்கு 175 லிட்டர் ஆகிறது. வாய்க்காலில் வீணாவது இதில் சேராது.

நீரின் தன்மையும் முக்கியம். நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சாயக் கழிவினால் பல கிணறுகள் உப்பேறியவை. 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட அளவுக்கு அந்தப் பாதிப்பு இருந்தது. பல்லடம், அவிநாசிப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றிலும் உப்பு உண்டு. கொத்தமல்லி உப்பைத் தாங்காது. சாக்கின் விளிம்பில் வெள்ளைப் படலம் படிந்தாலோ, இலை நுனி கருகினாலோ உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். சேமித்த மழைநீரை அடித்துளை வழியே வடியுமாறு ஒரு முறை ஊற்றினால் உப்பு ஓரளவு கழியும். கொத்தமல்லியும் புதினாவும் பச்சையாக உண்ணப்படுபவை. ஆகவே சோப்பு நீர், சாக்கடை நீர், பச்சைச் சாணக் கரைசல் ஆகியவற்றை இவற்றுக்கு ஊற்றுவதும், அறுத்த தழையை ஓடை நீரில் அலசுவதும் கூடாது.

மேலுரமும் பயிர்ப் பாதுகாப்பும்

முளைத்துப் பதினைந்தாம் நாள், நூறு கிராம் கடலைப் புண்ணாக்கைப் பத்து லிட்டர் நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தெளிந்த நீரை இலையில் படாமல் வேர்ப் பகுதியில் ஊற்றலாம். ஒரு முறை போதும். தழைச்சத்து மிகுந்தால் செடி மென்மையாகி அசுவினி சேரும்.

அசுவினி தென்பட்டால் அந்தச் செடிகளை முதலில் பிடுங்கி அழிக்க வேண்டும். பரவினால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றை மாலையில் தெளிக்கலாம். அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது அதையும் நிறுத்திவிட வேண்டும். முப்பத்தைந்து நாளில் வாய்க்குப் போகும் பயிருக்கு இரசாயனப் பூச்சிமருந்து தெளிப்பது, உண்பவருக்கு நஞ்சைக் கொடுப்பதற்குச் சமம். நாற்று அடியில் அழுகிச் சாய்ந்தால் நீரைக் குறைத்து, நெருக்கத்தைக் கலைத்து, காற்றோட்டம் தர வேண்டும்.

அறுவடை

பனிக்காலத்தில் தழையை அறுத்துவிட்டு மறுதழைவுக்குக் காத்திருப்பது உண்டு. கோடையில் அது பலிக்காது. முப்பது முதல் நாற்பது நாளுக்குள் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். நடுக்குருத்தில் வரும் புதிய இலை அகலமாக இல்லாமல் நூல் போல மெலிந்து வந்தால், செடி பூக்கப் போகிறது என்று அறியலாம். அன்றே அறுவடை செய்தாக வேண்டும். விடியற்காலையில் பிடுங்கி, வேரை நல்ல நீரில் அலசி, ஈரத் துணியில் சுற்றினால் தழை வாடாது.

எல்லாச் சாக்கிலும் ஒரே நாளில் விதைப்பது தவறு. வாரம் நான்கு சாக்கு வீதம் ஆறு வாரம் விதைத்தால் மொத்தம் இருபத்து நான்கு சாக்குகள். ஏழாவது வாரம் முதல் நான்கு சாக்குகளைக் காலி செய்து மறுபடி விதைக்கலாம். இருபத்து நான்கு சாக்குக்கு நாளொன்றுக்கு இரண்டு குடம் நீர். வாரம் நான்கு சிறு கட்டுத் தழை கிடைக்கும். ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். பிடுங்கிய சாக்கில் இரண்டு கைப்பிடி தொழு உரம் சேர்த்து, அடுத்த முறை வெந்தயமோ தண்டுக்கீரையோ விதைத்தால் வாடல் நோய் தங்காது. நோய் கண்ட மண்ணை நனைத்துப் பரப்பி, நிறமற்ற பாலித்தீன் தாளால் மூடி, சித்திரை வெயிலில் நான்கு வாரம் வைத்தால் மண் சுத்தமாகும்.

மற்றக் கீரைகள்

வெந்தயக்கீரை: புதிதாகத் தொடங்குவோர் இதிலிருந்து தொடங்கலாம். இரவு ஊறவைத்து விதைத்தால் நான்கு நாளில் முளைக்கும். கோடையில் இருபது முதல் இருபத்தைந்து நாளில் பிடுங்கிவிட வேண்டும். தாமதித்தால் கசப்பு கூடும்.

புதினா: கடையில் வாங்கிய முற்றிய தண்டை நான்கு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, பாதி மண்ணுக்குள் இருக்குமாறு நட்டால் வேர்விடும். அரை நிழலும் குறையாத ஈரமும் இதற்கு வேண்டும். ஆழம் குறைந்த, அகலமான தொட்டி ஏற்றது. நட்ட இரண்டு மாதத்தில் முதல் அறுவடை செய்யலாம்.

பாலக்கீரை: வடநாட்டுக் கீரையான இது பீட்ரூட் இனத்தைச் சேர்ந்தது. நம் பசலைக்கொடி வேறு. பாலக் ஓரளவு வெப்பம் தாங்கும். முப்பத்தைந்து நாளில் வெளி இலைகளை அறுத்து, பின்னர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுக்கலாம்.

நிழலுக்கு வழியே இல்லாதவர் வெயிலோடு போராட வேண்டியதில்லை. சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, பசலை ஆகியவை வெயிலிலும் தழைக்கும். கொத்தமல்லி மணம் வேண்டுவோர், கேரளத்தில் ஆப்பிரிக்க மல்லி எனப்படும் நீண்ட இலைச் செடியை நிழலில் வளர்க்கலாம். அமெரிக்க வெப்ப மண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட அச்செடி நம் கோடையைத் தாங்கும்.

விற்பனைக்குப் பயிரிடுவோர் கவனத்துக்கு

சாக்குச் சாகுபடி வீட்டுக்கும், அக்கம்பக்கத்தில் சில கட்டு விற்பதற்கும் ஏற்றது. நூறு சாக்கு வைத்தாலும் ஒரு தடவைக்குப் பத்துக் கிலோ அளவில்தான் தழை கிடைக்கும். அதற்கு நாள்தோறும் நீர் ஊற்றும் கூலியைக் கணக்கிட்டால் மிச்சம் சொற்பம். விற்பனைக்கு என்றால் சாக்கைப் பெருக்குவதை விட, நிழல்வலையின் கீழ் அரை சென்ட் அல்லது ஒரு சென்ட் மேட்டுப்பாத்தி அமைத்துத் தெளிப்பு நீர் விடுவதே சிக்கனம். இங்கு சொன்ன விதை நேர்த்தி, போர்வை, வாரம் ஒரு விதைப்பு ஆகியவை அதற்கும் அப்படியே பொருந்தும்.

கோடை விலையை மட்டும் பார்த்துக் கடன் வாங்கிப் பெரிய குடில் போட்டுவிடக்கூடாது. ஓசூர் போன்ற குளிர்ந்த பகுதிகளின் வரத்து கூடினால் விலை ஒரே நாளில் இறங்கும். முதல் கோடையில் இருபது சாக்கு வைத்து, ஆகும் செலவையும் நீரையும் கிடைக்கும் தழையையும் ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வர வேண்டும். பங்குனி, சித்திரையில் விதைத்த சாக்குகளில் நான்கில் மூன்று பங்காவது நல்ல தழை கொடுத்த பிறகே, அடுத்த கோடைக்கு ஒரு சென்ட் பற்றி யோசிக்கலாம். அந்த ஒரு சென்ட்டுக்கு வைகாசி வரை கிணற்றில் நீர் நிற்குமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். விளைந்த தழையை உழவர் சந்தையில் நேரடியாக விற்றால் இடைத்தரகு மிச்சமாகும்.

நிழல்வலைக்கான மானியம் குறித்து வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும், விதை, டிரைக்கோடெர்மா, காளான் வித்து ஆகியவை குறித்துக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டு அறியலாம். தை மாதக் கடைசியிலேயே நார்க்கழிவை மக்கவைத்து, சாக்குகளைச் சேகரித்து வைத்தால், பங்குனியில் முதல் விதைப்பைத் தடையின்றித் தொடங்கலாம்.